மலையில் ஆண்கள் ஜாஸ்தி

நெல்மணியில் பாதிகூட இல்லாத பழ ஈக்காக ஒரு மனுஷி இத்தனை வருடம் பல்லைக் கடிப்பாளா என்று என் வீட்டில் கேட்கிறார்கள். கடிப்பாள். நான் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறவர்கள் யாரும் ஒரு வருடம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஈக்களை எண்ணியதில்லை, எண்ணியதெல்லாம் தப்பு என்று கண்டுபிடித்ததும் இல்லை. அதனால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுக்குத் தேரடித் தெருவில் பழக்கடை. வாழை, சாத்துக்குடி, கோடையில் மாம்பழம், பிறகு கொடைக்கானலிலிருந்து பிளம்ஸும் பேரிக்காயும். மலைச் சரக்கு எடுத்து வருவது என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமு. கடையில் துணியால் அடித்து விரட்டுகிற பழக் கொசுவை என் மகள் காலேஜில் ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றி வளர்க்கிறாள் என்று அத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேலிதான், ஆனால் உள்ளே பெருமை. எங்கள் சொந்தத்தில் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் நான். அதற்கு மேல் எம்.ஃபில். பதிவு செய்ததும் நான்தான்.

செங்கம் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னக் கல்லூரி. பத்து வருடம்கூடத் தாங்காமல் மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்தவரைப் பேராசிரியர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மனுஷர் காலமாகிவிட்டார், பெயர் எதற்கு.

அவர் கையில் எடுத்த கேள்வி நல்ல கேள்வி, அதை நான் மறுக்க மாட்டேன். பழ ஈயில் பெண் பெரிது, ஆண் சிறிது. பெண்ணின் வயிற்று நுனி வெளுத்து, வரிவரியாக இருக்கும். ஆணுக்கு அந்த இடத்தில் மை தொட்டு வைத்தமாதிரி கருப்பாக இருக்கும். நம் ஊர் வெயிலில் வாழும் ஈக்களில் இருக்கிற இந்த வித்தியாசம், ஏழாயிரம் அடி உயரத்தில் குளிரில் பரம்பரை பரம்பரையாக வாழும் ஈக்களிலும் அப்படியே இருக்குமா? இல்லை, மலைக்குப் பழகிப் பழகி அது மாறிப்போயிருக்குமா? இதைத்தான் அவர் கேட்டார். கேட்ட அன்றே எனக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பாய் விரித்துப் படுத்தாலும் அதே யோசனை.

மலை ஈயைப் பிடிக்கக் கொடைக்கானல் போகவேண்டும். அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள் மூன்று பேர், நானும் இரண்டு ஆண்களும். கோடை விடுமுறையில் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்ப ஏற்பாடு செய்துவிட்டார். என்னிடம் பேச்சே இல்லை. நானாகப் போய்க் கேட்டேன்.

"நீ எதுக்கும்மா?" என்றார். "அவ்ளோ ஒசரத்துல பொம்பளப் பசங்களுக்கு ஒத்துக்காது. மூச்சு வாங்கும், மயக்கம் வரும். உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "கொடைக்கானல்ல பொம்பளைங்களே இல்லீங்களா சார்? அங்க பொறந்தவங்களையெல்லாம் யாரு பெத்தாங்க?"

கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. ஆனா கை மெத்துனு இருக்கு. ஈய நசுக்காம நீதான் பிரிப்ப. அவங்க புடிச்சிக்கினு வரட்டும், நீ உக்காந்து எண்ணு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா போதும்."

கார்த்திகை தீபத்துக்கு எத்தனை பெண்கள் வெறுங்காலோடு எங்கள் மலையில் ஏறி இறங்குகிறார்கள். அதை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷர் இப்படிப் பேசுகிறார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பத்து நாளில் ஈக்கள் வந்து சேர்ந்தன. பஞ்சால் அடைத்த பால் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் கருகருவென்று ஈக்கள். மலைப் பாட்டில்கள் ஒரு வரிசை, நம் ஊரில் பிடித்த பாட்டில்கள் ஒரு வரிசை. எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தோம். என் வேலை இதுதான்: பாட்டிலுக்குள் கொஞ்சம் ஈதர் காட்டி ஈக்களை மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. மயக்கம் தெளிவதற்குள் முடிக்கவேண்டும். பிரித்ததை எண்ணி நோட்டில் எழுதி, ஆணைத் தனி பாட்டிலிலும் பெண்ணைத் தனி பாட்டிலிலும் போட்டு வைக்கவேண்டும். பிறகு ஜோடி சேர்க்க அவை தேவைப்படும்.

எதை வைத்துப் பிரிப்பது? "வால் கருப்புன்னா ஆணு, வெளுப்புன்னா பொண்ணு. அவ்ளோதான். ரொம்ப யோசிக்காத," என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நானும் யோசிக்கவில்லை. எனக்குக் கொடுத்தது பட்டன் அளவு கை லென்ஸ். துறையில் இருந்த ஒரே நல்ல மைக்ராஸ்கோப் அவர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பசங்க கை பட்டால் கெட்டுவிடுமாம். வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு வெளியே எடுத்துப் பொட்டு வைத்து மறுபடி உள்ளே வைப்பார்கள். பார்ப்பதற்கு வாங்கிய பொருளை யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டி வைக்கிற புத்தியை என்னவென்று சொல்ல.

நாளெல்லாம் எண்ணினேன். ஈதர் நெடியில் தலை கிறுகிறுக்கும். வெல்லமும் ஈஸ்ட்டும் புளித்த வாடை புடவையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்காருவார்கள். நம் ஊர் ஈக்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். மலை ஈக்களில் அப்படி இல்லை. கருப்பு வால் குவியல் எப்போதும் பெரிதாகவே இருந்தது. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், தட்டைப் பார்த்தாலே தெரியும்.

நோட்டைப் பார்த்த பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். மலையில் ஆண்கள் அதிகம். குளிரிலும் காற்றுக் குறைவிலும் பெண் ஈ செத்துப்போகிறது, ஆண் தாக்குப்பிடிக்கிறது. இதுதான் முடிவு என்று அன்று மத்தியானமே எழுத ஆரம்பித்தார். என் ஆய்வேட்டின் தலைப்பையும் அதற்கேற்ப மாற்றினார். ஒரு கட்டுரை எழுதி வெளியூர் ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அதோடு விட்டாரா? ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடும் ஒரு சங்கத்தில் போய், "மேல போகப்போக ஆம்பளதான் நிப்பான்னு அறிவியலே சொல்லுது" என்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்றாம்.

அடுத்த வாரம் கடைக்கு வாழைப்பழம் வாங்க வந்த ஒரு குமாஸ்தா அத்தாவிடம், "உங்க பொண்ணுதான் கண்டுபுடிச்சுதாமே பாய், ஒசரத்துல பொம்பள தாங்கமாட்டான்னு. எங்க வீட்ல சொன்னேன், வாயே தொறக்கல," என்றார். அத்தா மகிழ்ந்துபோய் அவருக்கு இரண்டு பழம் சேர்த்துப் போட்டார். நான் கல்லாப்பெட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த வீட்டுக்காரி என்னால் வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைக்கும்போது அந்த இரண்டு பழத்தையும் திரும்பப் பிடுங்கத் தோன்றியது. ஆனால் நோட்டில் இருந்த எண்ணிக்கை என் கை எழுதியது. நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டில். மலை ஈக்களில் ஆண்கள் மட்டும் என்று நானே சீட்டு ஒட்டி வைத்த பாட்டில் ஒன்றை ஒரு காலையில் எடுத்தேன். உள்ளே கண்ணாடிச் சுவரில் வெள்ளைவெள்ளையாகப் புழு ஏறிக்கொண்டிருந்தது. ஆண்கள் மட்டும் இருக்கிற பாட்டிலில் புழு எங்கிருந்து வரும்?

பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கவனமில்லாம ஒரு பொண்ண உள்ள விட்டிருக்க," என்று திட்டினார். ஒன்று தவறியிருக்கலாம் என்று நானும் நினைத்தேன். இன்னொரு பாட்டிலை எடுத்து, ஒவ்வொரு ஈயையும் இரண்டு முறை லென்ஸில் பார்த்து, நல்ல கருப்பு வாலாகப் பொறுக்கிப் புதுப் பாட்டிலில் போட்டேன். ஒரு வாரத்தில் அதிலும் புழு. மூன்றாவதாக ஒன்று செய்தேன். அதிலும் புழு.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் மெட்ராஸ் போயிருந்தார். அட்டெண்டரைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒரு சீப்பு பூவம்பழத்துக்குச் சாவியை எடுத்தார். "அர மணி நேரந்தாம்மா. எங்கயாவது கீறல் விழுந்துச்சின்னா என் வேல போயிடும்," என்று சொல்லிவிட்டு வாசலில் காவல் நின்றார்.

ஆண் பழ ஈயின் முன்னங்காலில் சின்னதாகக் கருப்புச் சீப்பு மாதிரி ஒரு மயிர் வரிசை இருக்கும். பெண்ணுக்குக் கிடையாது. எம்.எஸ்ஸி.யில் படித்ததுதான். கை லென்ஸில் அது தெரியாது. மைக்ராஸ்கோப்பில் என் கருப்பு வால் ஒன்றை வைத்து முன்னங்காலைப் பார்த்தேன். சீப்பு இல்லை. அடுத்ததை வைத்தேன். இல்லை. அடுத்ததற்கு இருந்தது. அடுத்ததற்கு இல்லை. இப்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அட்டெண்டர் கதவைத் தட்டியதுகூடக் காதில் விழவில்லை.

மலையில் ஆண்கள் ஜாஸ்தி இல்லை. மலையில் பெண்ணுக்கும் வால் கருத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். குளிர் நாட்டில் உடம்பு கருப்பாக இருந்தால் வெயிலின் சூட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆண் ஏற்கெனவே கருப்பு, அதற்கு மாற வேண்டியது கொஞ்சம். மாறியவள் பெண். கீழே கண்ணைப் பறிக்கிற அந்த வித்தியாசம் மேலே போகப்போகக் கரைந்து, ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல ஆகிவிட்டார்கள். பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எவ்வளவு அழகான பதில். அந்தப் பதிலைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதைப் பெண்களின் சாவாக மாற்றி எழுதியவள் நான். உயிரோடு இருந்த பெண்களையெல்லாம் என் மெத்துக் கையால் ஆண் குவியலில் தள்ளியிருக்கிறேன். அன்று அந்த அறையில் எனக்கு அழுகை வரவில்லை, என் கையை நானே கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். குளிரில் வளர்ந்ததால் கருத்திருக்கும், நம் ஊரில் வளர்ந்தால் வெளுத்துவிடும் என்பார். அதற்கும் பதில் வைத்துக்கொண்டு போகலாம் என்று மாமுவைப் பிடித்தேன். பேரிக்காய் சீசன் ஆரம்பித்திருந்தது.

"எது, பேரிக்கா மேல மொய்க்குதே அந்தக் கொசுவா?" என்றார் மாமு. "நான் சரக்க ஏத்துறதா, கொசு புடிக்கிறதா? லோடு ஏத்துறவன் பாத்தா இன்னா நெனப்பான்?"

"நான் வரட்டா அப்போ?"

"நீ வாணாம், நானே புடிக்கிறேன்."

பிடித்து வந்தார். அழுகின பேரிக்காயைப் பாட்டிலில் போட்டு, நிறைய ஈ விழுந்ததும் பஞ்சை அடைத்து, மடியில் வைத்துக்கொண்டே லாரியில் வந்திருக்கிறார். இறங்கும்போது, "ஒண்ணுகூட சாகல, எண்ணிக்கோ," என்றார். ஆண்களோடு போகவேண்டிய உயரத்துக்கு நான் கடைசிவரை போகவே இல்லை. என் ஈக்கள்தான் இறங்கி வந்தன.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஈர மணலில் இரண்டு பெரிய பானைகளைப் புதைத்து, சுற்றிலும் கோணியை நனைத்துப் போட்டு, அதற்குள் பாட்டில்களை வைத்தேன். மலை ஈயும் நம் ஊர் ஈயும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சூடு, ஒரே ரவை. வெளியில் வைத்த சில பாட்டில்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ஒரு கசப்பான சிரிப்பு வரும். நம் ஊர் வெயிலுக்கு முதலில் படுத்தது மலை ஆண்கள்தான். அந்த ஆணை நம் ஊர்ப் பெண்ணோடு விட்டால் முட்டை பொரிக்காது. மலைப் பெண்ணை நம் ஊர் ஆணோடு விட்டால் புழு மளமளவென்று வரும். யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று சங்கத்தில் கைதட்டியவர்களைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

பானைக்குள் இருந்தவை நன்றாகவே பெருகின. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை. மூன்று தலைமுறை பார்த்தேன், ஒவ்வொரு தலைமுறைக்கும் அட்டெண்டருக்கு ஒரு சீப்பு பழம். மலைப் பெண்ணின் பேத்தி கொஞ்சம் வெளுத்திருந்தாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பாட்டிலில் இருந்த நம் ஊர்ப் பெண்ணைவிடக் கருப்பாகத்தான் இருந்தாள். குளிரைக் கண்ணால் பார்க்காமலே கருப்பாகப் பிறந்தாள். மலை அவர்கள் ரத்தத்திலேயே இறங்கிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். அலமாரியைத் திருட்டுத்தனமாகத் திறந்ததை மட்டும் என்மேல் போட்டுக்கொண்டேன், அட்டெண்டர் பெயரை எடுக்கவில்லை. அவர் நோட்டை மெதுவாகப் புரட்டினார். முட்டாள் இல்லை அவர். மூன்றாவது பக்கத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"உன் ஆய்வேடு அஞ்சு காப்பி டைப் ஆயிடுச்சு. கட்டுரை அச்சுல இருக்கு."

"தப்புன்னு தெரிஞ்ச அப்புறம் எப்படி சார் விடறது? திருத்திடலாம் சார்."

"திருத்தலாம். யாரு பிரிச்சது இதையெல்லாம்?"

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீதான பிரிச்ச? அப்போ உன் தப்புன்னு எழுதணும். ஆணு பொண்ணு பிரிக்கத் தெரியாத பொண்ணுக்கு எந்த யுனிவர்சிட்டிம்மா எம்.ஃபில். குடுக்கும்? நல்லா யோசி. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வால் கருப்பென்றால் ஆண் என்று சொன்ன வாய் அது. லென்ஸைக் கொடுத்து மைக்ராஸ்கோப்பைப் பூட்டிய கை அது. அதையெல்லாம் நான் அவரிடம் கத்திச் சொன்னேன். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். கத்தி முடித்ததும் கதவுப் பக்கம் கை காட்டினார்.

வீட்டில் மாமுவிடம் மட்டும் சொன்னேன். அவர் சரக்கு வாங்கி விற்கிறவர், அவருக்கு அவர் வழி. "மொதல்ல அந்த ஆளுகிட்ட கையெழுத்த வாங்கு. வாங்கினு வெளிய வந்து அப்புறம் சண்ட போடு. பட்டம் இல்லாம நீ சொன்னா எவன் கேப்பான்?" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. பட்டம் வாங்கி, பெரிய ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து என் பெயரில் சரியானதை எழுதிவிடலாம். எத்தனை இரவு இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், இதில் உள்ளவை உண்மை என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்து பிரதியிலும் போட்டேன்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாளில் வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்தார். தலை முழுக்க நரைத்தவர், பஸ்ஸில்தான் வந்திறங்கினார். துறையில் இருந்தவர்கள் எல்லோரும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் அத்தா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, காலடியில் பழக்கூடை. கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். படித்ததைச் சொல்ல எனக்கு என்றைக்கும் பயமில்லை.

எல்லாம் முடிகிற நேரத்தில் தேர்வாளர், "ஈ இருக்கா? ஒண்ணு பாக்கலாமா?" என்றார்.

உண்மை தெரிந்திருந்தும் பேராசிரியர் அசரவில்லை. அன்று மைக்ராஸ்கோப் அலமாரியிலிருந்து வெளியே வந்திருந்தது. மலைப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அவரே ஈதர் காட்டி, தட்டில் கொட்டி, இருப்பதிலேயே கருப்பான வாலாக ஒன்றைப் பிரஷ்ஷால் எடுத்து ஸ்லைடில் வைத்தார். "மலை ஆண், சார்," என்றார்.

தேர்வாளர் குனிந்து பார்த்தார். ஒற்றைக் கண் மைக்ராஸ்கோப். அவர் பார்ப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது. திருகைத் திருப்பித் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். பேராசிரியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இது ஆணாம்மா?"

"ஆமா சார்," என்றேன்.

"நீ ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லும்மா," என்று நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

நான் குனிந்தேன். ஈதர் கொஞ்சம் கூடிப்போனால் சினையாக இருக்கிற பெண் ஈ மயக்கத்திலேயே முட்டையை வெளியே தள்ளிவிடும். கருப்பு வாலின் நுனியில் வெள்ளையாக ஒரு முட்டை, இரண்டு இழை நீட்டிக்கொண்டு, முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதும் வந்து ஸ்லைடில் விழுந்தது. நான் இத்தனை மாதமாகத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல நினைத்ததை அது சத்தமில்லாமல் சொல்லிவிட்டது.

என் முதுகுக்குப் பின்னால் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். அவர் செருப்பு கிறீச்சிடுவது கேட்டது. கடைசி பெஞ்சில் அத்தா இருமினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் சார், முட்டை போட்டிருக்கு சார். அவ்வளவுதான்.

பிரஷ்ஷை எடுத்தேன். தூசி தட்டுகிறமாதிரி முட்டையை ஸ்லைடிலிருந்து துடைத்தேன். "ஆண்தான் சார்," என்றேன்.

தேர்வாளர் என் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய ஊரில் ஆய்வுக்கூடம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே மைக்ராஸ்கோப் கிடையாது, பாட்டில் வைக்க மேசையும் கிடையாது. இரண்டு மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஆய்வேட்டில் ஒன்று எழுதிவிட்டுக் கடிதத்தில் வேறொன்று எழுதுகிறவளுக்கு யார் பதில் போடுவார்கள்? பேராசிரியரின் கட்டுரை அச்சில் வந்தது. கீழே நன்றி என்று சின்ன எழுத்தில் என் பெயரும் இருந்தது. மலையில் பெண்கள் இன்னும் அந்தக் கட்டுரையில் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேராசிரியர் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரைப்பற்றி எத்தனை பேரிடம் திட்டியிருக்கிறேனோ, அத்தனை பேரிடமும் அன்று மதியம் நடந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

தேர்வு முடிந்ததும் தேர்வாளருக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். ஓட்டல் ஒன்றில் மாடியில் இலை போட்டிருந்தோம். பேராசிரியர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் நானும் தேர்வாளரும் மட்டும் நின்றோம். அவர் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் தணிந்த குரலில் பேசினார்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேம்மா. சொன்னதுக்காகவே போட்டிருப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டம் கொடுத்த பெரிய மனுஷர் என்ற மரியாதைகூட மறந்துபோய்விட்டது. "நீங்கதான் கண்ணால பாத்தீங்களே சார். தெரிஞ்சும் எதுக்குச் சும்மா இருந்தீங்க? அத்தினி பேர் முன்னால நீங்க கேட்டிருக்கலாமில்ல?"

அவர் குழாயை மூடினார். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"கேட்டேனேம்மா," என்றார். "ரெண்டு தடவ கேட்டேன்."